வைப்பர் மோட்டாரில் செய்த மூச்சு

கார் கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் துடைக்கிற மோட்டாரை வைத்து ஒரு மனிதரை மூச்சு விடவைத்துவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. நான் ஏதோ தனி முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஊரடங்கின்போது மெக்கானிக்கல் துறை வைத்திருந்த பல கல்லூரிகளில் இதே முட்டாள்தனம் நடந்தது. நாங்கள் படித்தவர்கள், எதையும் கூட்டாகத்தான் செய்வோம்.

நான் வேலை பார்ப்பது திருச்சியில் மதுரை சாலைப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். மெக்கானிக்கல் துறைத் தலைவர். வீடு எடமலைப்பட்டி புதூர். மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து நான் செய்த காரியங்களைச் சொன்னால், என்னிடம் படித்தவர்கள் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். செய்தித்தாளை இஸ்திரி போட்ட பிறகுதான் படித்தேன். காய்கறி வண்டி தெருவுக்கு வந்தால், வெல்டிங் செய்யும்போது முகத்துக்கு மாட்டுகிற கறுப்புக் கண்ணாடித் தடுப்பை மாட்டிக்கொண்டு போனேன். அதன் வழியாகப் பார்த்தால் சூரியனைத் தவிர எதுவும் தெரியாது. முருங்கைக்காய் என்று நினைத்து எதையோ பிடித்து இழுத்தேன்.

"சார், முருங்கைக்காய் இந்தப் பக்கம் இருக்கு. என் கையை விடுங்க" என்றார் வண்டிக்காரர்.

ஊரே ஒருவரையொருவர் தொடாமல் இருந்த வாரத்தில், திருச்சி மாவட்டத்திலேயே முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் பிரின்சிபால் அப்படி இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. காலையில் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, கல்லூரிக்கு வந்ததும் அதே கையால் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கணக்குப் போடுவார். நாங்கள் இருவரும் ஒன்றாக லெக்சரர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் ஏறிப் போய்விட்டார். நான் ஆசிரியர் அறையின் கோமாளியாகத் தங்கிவிட்டேன். நாலு பேர் இருந்தால் நான் அவரை 'சார்' என்பேன். யாரும் இல்லாவிட்டால் அவர் எனக்கு 'ஓய்', நான் அவருக்கு 'ஓய்'. நான் அவருடைய பாஷையைக் கேலி செய்யத் தொடங்கி, அதுவே எனக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த ஏப்ரலில் நிர்வாகம் ஆன்லைனில் ஒரு கூட்டம் போட்டது. தாளாளர் திரையில் பெரிதாக வந்து உட்கார்ந்தார். மேலே சட்டை, கீழே கைலியோடு நானும் ஒரு மூலைக் கட்டத்தில் இருந்தேன்.

"பக்கத்துக் காலேஜ்ல சானிடைசர் காய்ச்சுறாங்க. இன்னொரு காலேஜ்ல ட்ரோன் விட்டு மருந்து அடிக்கிறாங்க. பேப்பர்ல போட்டோ வருது. நாம என்ன சார் பண்றோம்?"

எல்லாக் கட்டங்களிலும் அமைதி. இப்படிப்பட்ட அமைதி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. "வென்டிலேட்டர் பண்ணலாம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பிரின்சிபால் போன் செய்தார்.

"ஓய், வென்டிலேட்டர்னா என்னன்னு உமக்குத் தெரியுமா?"

"ஜன்னலுக்கு மேல புறா வந்து உக்காருமே, அதுதானே?"

அவர் சிரிக்கவில்லை. "சரி, பண்ணும். கையில வேலை இருந்தா பயம் குறையும். உமக்கும் குறையும், பசங்களுக்கும் குறையும். ஆனா இது கண்காட்சிக்குத்தான். இந்த மெஷின் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்படாது. புரிஞ்சுதா?"

அப்போது எனக்கு அது பாதிதான் புரிந்தது. பயந்துபோன ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு கல்லூரியை நடத்திக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த விளையாட்டுச் சாமானைக் கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கொடுத்தது வென்டிலேட்டர்.

ஆம்புலன்ஸில் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பந்து மாதிரி ஒரு பை இருக்கும். கையால் அமுக்கினால் நோயாளியின் நெஞ்சுக்குள் காற்று போகும். ஆம்பு பை என்பார்கள். அமுக்குகிற கைக்குப் பதிலாக இரண்டு தகரக் கைகளை வைத்து, அவற்றை வைப்பர் மோட்டார் ஆட்டினால் போதும் என்பதுதான் எங்கள் திட்டம். மோட்டாருக்காகப் பாலக்கரையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாயைத் தேடிப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு அவர் எட்டிப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு சார்?"

"வண்டிக்கு இல்ல பாய். மனுஷனுக்கு."

"மனுஷனுக்கு வைப்பரா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்கம் சொன்னேன். உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல மோட்டாராகத் துடைத்து எடுத்துவந்தார். "ஓடும் சார், இன்ஷா அல்லா" என்றார். கடையை விட்டு வரும்போது எனக்கு உண்மையாகவே பயம் குறைந்திருந்தது.

மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் போர்டைச் செய்தது பிரின்சிபாலின் மகள். எங்கள் கல்லூரியிலேயே எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண். பேச்சில் அப்பாவைப் போலவே சிக்கனம். ஒரு வழியாக மெஷின் தயாரானது. கரண்ட் கொடுத்தால் வெட் கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு பையை அமுக்கியது, விட்டது, அமுக்கியது. ஊரடங்கு தளர்ந்ததும் திறப்பு விழா வைத்தார்கள். 'உயிர் காக்கும் கருவி' என்று பேனர். எனக்குப் பொன்னாடை. மைக்கில் பேசியவர்களின் குரல் மெஷின் சத்தத்தில் கேட்கவே இல்லை. அந்த வகையில் அது அன்றைக்குப் பலருக்கு ஆறுதல் அளித்தது. விழா முடிந்ததும் மெஷினை முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம்.

மறு வருஷம் இரண்டாம் அலை வந்தது. இந்தமுறை எங்களில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆன்லைன் தேர்வை நடத்துகிற கம்ப்யூட்டர்கள் கல்லூரியில் இருந்ததால் பிரின்சிபால் மட்டும் தினமும் காவிரிப் பாலம் தாண்டிப் போய்வந்தார். "நீர் வர வேண்டாம், உமக்கு சுகர்" என்று என்னைத் தடுத்துவிட்டார். நானும் சந்தோஷமாக வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

காய்ச்சல் என்றார். பிறகு மணம் தெரியவில்லை என்றார். "ஆத்துல காபிப்பொடி வாசனையே வரலை ஓய். விலைவாசிக்குப் பொடியைக் குறைச்சுட்டாளோன்னு நினைச்சேன்." அதற்கடுத்த போன் ஆம்புலன்ஸிலிருந்து வந்தது. பின்னால் சைரன் கேட்டது.

"ஓய், இனிமே நீர்தான் இன்சார்ஜ். ரெண்டு விஷயம். யாரையும் பயமுறுத்தாதீர். நீரும் பயப்படாதீர். ரெண்டாவது உம்மால முடியாது, தெரியும். முதலாவதையாவது பண்ணும்."

இப்படித்தான் நான் ஒரு பொறியியல் கல்லூரிக்குத் தலைவனானேன். என் தலைமையின் லட்சணத்தைக் கேளுங்கள். ஒரே காலையில், தேர்வு தள்ளிவைக்கப்பட்டது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். தள்ளிவைக்கப்படவில்லை என்று ஒன்று. முந்தைய இரண்டையும் பொருட்படுத்த வேண்டாம் என்று இன்னொன்று. உப்பிலியபுரத்திலிருந்து ஒரு இறுதியாண்டு மாணவன் கூப்பிட்டான்.

"சார், எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் மேல ஏறி நின்னாத்தான் சிக்னல் வருது. எக்ஸாம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார், இறங்கவா வேணாமா?"

"இறங்குப்பா, இறங்கு" என்றேன். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. பையன் கீழே விழாமல் இருந்தால் போதும் என்று பட்டது. என் பதவிக்காலத்தில் நான் எடுத்த சரியான முடிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்திகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருந்தன. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அளவைக் கூட்டியிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு, வென்டிலேட்டர் வேண்டியிருக்கும், ஆனால் எதுவும் காலி இல்லை, வேறு எங்கேயாவது கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவர் மகளும் ஆளுக்கொரு போனில் திருச்சி, தஞ்சாவூர், கரூர் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். எங்குமே இல்லை. அவர் மனைவிக்கும் தொற்று. அந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையில் தனியாக இருந்தார்.

அன்று மத்தியானம் அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அங்கிள், நம்ம மெஷின் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கும்மா. ஆனா..."

"நான் ஸ்கூட்டர்ல கிளம்பிட்டேன். நீங்க கார் எடுத்துண்டு காலேஜுக்கு வந்துடுங்கோ."

இன்ஜினீயராக எனக்குத் தெரியும், அந்த மெஷின் ஒரு பொம்மை. ஆனால் பயந்தவனுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும். காரை எடுக்கும்போதே மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. காற்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது, வேறென்ன வேண்டும்? யாராவது ஒரு டாக்டர் சரி என்று சொல்லமாட்டாரா?

வாட்ச்மேன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். அவள் துப்பட்டாவால் தூசியைத் துடைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தாள். மெஷின் கத்திக்கொண்டு ஓடியது. வெறிச்சோடிக் கிடந்த கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்படாதுன்னு உங்கப்பா சொல்லியிருக்காரும்மா."

"என்கிட்டயும்தான் சொன்னார். இப்போ அவரைக் கேக்க முடியலையே அங்கிள்."

நான் போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன். மெஷினைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டுக் கட்டினாள். மன்னார்புரத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"லாக்டவுன்ல கிரைண்டர் ரிப்பேரா சார்?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவருக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். "எங்க அப்பாவுக்கு சார். மூச்சு விடற மெஷின்" என்றாள் அவள். அவர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தடுப்பைத் தானே தள்ளி வழிவிட்டார்.

ஆஸ்பத்திரி போர்டிகோவுக்கு மேல் எங்களை விடவில்லை. கெஞ்சிக் கேட்டதில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண்ணாடிக்குள் நீராவி படர்ந்திருந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். காரின் திறந்த கதவு வழியாக மெஷினைப் பார்த்தார்.

"நீங்க பண்ணதா சார்? சரி, சீக்கிரம் சொல்லுங்க. நுரையீரல்ல அழுத்தம் கூடிட்டா இது தானா நிக்குமா?"

எத்தனையோ கல்லூரிகளுக்கு வைவா தேர்வு நடத்தப் போனவன் நான். பதில் தெரியாத பையன் எப்படி முழிப்பான், எப்படிப் புளுகுவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாயைத் திறந்தேன். 'நிக்கும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த டாக்டர் இருந்த களைப்புக்கு, ஒரு பேராசிரியர் நிக்கும் என்றால் நம்பியிருக்கக்கூடும். உள்ளே எடுத்துப் போயிருக்கவும் கூடும்.

"நிக்காது மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"பேஷன்ட் தானா மூச்சு இழுத்தா, அதுக்கு வழிவிடுமா?"

"விடாது மேடம்."

"நிறுத்தாம எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்திருக்கீங்க?"

"திறப்பு விழா முடியறவரைக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. கையுறை போட்ட கையை மெஷின்மேல் வைத்தார். "போர்டு யார் பண்ணது?"

"நான்தான்."

"நல்லா பண்ணியிருக்க. ஆனா இதை ஒருத்தருக்கும் வைக்க முடியாதும்மா. உள்ள கிழிச்சிடும். உனக்கே தெரியுது." திரும்பப் போனவர் நின்றார். "அந்தப் பையை மட்டும் கழட்டித் தரியா? உள்ள பை பத்தல. அமுக்குறதுக்கு எங்க கை இருக்கு."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தகரக் கைகளைத் தளர்த்திப் பையைக் கழற்றினாள். இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்தாள். அது தன் அப்பாவுக்கா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லாமல் உள்ளே போனார்.

காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். போவதற்கு வேறு இடம் எதுவும் இல்லை.

"அங்கிள், நிக்கும்னு சொல்லியிருக்கணுமோ நான்?"

"நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ முந்திட்ட."

"சொல்லியிருந்தா?"

"உங்கப்பா எழுந்து வந்து என்னைக் கொன்னுருப்பார்."

"எழுந்து வந்தாப் போறும் அங்கிள். கொன்னா நீங்க கோச்சுக்கப்படாது."

"சத்தியமா கோச்சுக்க மாட்டேன்" என்றேன். மாஸ்க்குக்குள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தபோதுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. முதுகில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினேன். பாதியில் பயம் வந்துவிட்டது. அவள் ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து வந்தவள் அல்லவா? கையைக் கீழே போட்டேன். காய்கறி வண்டிக்காரரின் கையைப் பிடித்து இழுத்தவனுக்கு, சிநேகிதனின் மகளைத் தொடத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. நேராக ஓயாமரி சுடுகாட்டுக்கு எடுத்துவந்தார்கள். காவிரிக் கரையில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் பலர் காத்திருந்தார்கள். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருந்தார்; வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தார். புரோகிதர் வர மறுத்துவிட்டுப் போனில் மந்திரம் சொன்னார். ஸ்பீக்கரைப் போட்டு நான் போனைப் பிடித்துக்கொண்டேன். பெண்தான் எல்லாம் செய்தாள். இடையிடையே சிக்னல் அறுந்து மந்திரம் பாதியில் நின்றது. "கேக்கறதா? கேக்கறதா?" என்றது போன். ஒரு வருஷமாக எங்கள் ஆன்லைன் வகுப்புகளில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

"கேக்கறது மாமா, சொல்லுங்கோ" என்றாள் அவள்.

முகத்தைக்கூட முழுதாகக் காட்டவில்லை. கட்டியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கினார்கள். நெற்றி தெரிந்தது, வெறுமையாக. இத்தனை வருஷத்தில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்படியும் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். வீதியில் ஆள் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. பக்கத்து வீட்டார் வாசலில் ஒரு வாளி தண்ணீரும் குவளையும் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். அவள் உடுத்திய துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் தெருவிலேயே தள்ளி நின்றேன்.

முன்னறை ஜன்னல் திறந்தது. கம்பிக்குப் பின்னால் மாமி நின்றார். கணவரைக் கடைசியாக ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பார்த்ததுதான். அழுது முடித்த முகம். என்னைத்தான் பார்த்தார்.

"நேத்திக்கு மெஷினை எடுத்துண்டு போறோம்னு இவ சொன்னாளே. ஆஸ்பத்திரியில அவருக்கு வச்சாளோ?"

அவள் குவளையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் என்னை முந்திக்கொண்டவள், இப்போது முந்தவில்லை.

"வச்சாங்க மாமி" என்றேன்.

"நன்னா ஓடித்தா?"

வாழ்நாள் முழுக்க வாயால் பிழைத்தவன், அந்த வீதியில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்.

"நன்னா ஓடித்தும்மா. கடைசிவரைக்கும் நிக்கவே இல்லை."

மாமி இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பெருமாளே" என்றார். "அப்போ மூச்சுக்குத் திண்டாடலை."

"இல்லை மாமி" என்றேன். "திண்டாடலை."